எந்த வார்டில் தவறு அதிகம்?

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். ஒரு மருத்துவமனையில் இரண்டு வார்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் ஏறக்குறைய ஒரே வகையினர். தாதியர் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆறு மாதப் பதிவேட்டைப் புரட்டினால், மருந்து கொடுப்பதில் முதல் வார்டில் 20 தவறுகள் நடந்ததாக எழுதியிருக்கிறது. இரண்டாவது வார்டில் இரண்டே இரண்டு. உங்கள் அம்மாவை எந்த வார்டில் சேர்ப்பீர்கள்?

இரண்டாவது வார்டில்தான் என்று பெரும்பாலோர் சொல்வீர்கள். என் நான்காம் படிவ மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரே ஒரு மாணவி மட்டும், "அந்த ரெண்டை யாரு டீச்சர் எண்ணினது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வு செய்துவரும் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன். அவர் டாக்டர் அல்லர், தாதியும் அல்லர். ஒரு புதிய முறை வரும்போது சில மருத்துவமனைகள் அதை எளிதாகப் பழகிக்கொள்கின்றன, சில பழகிக்கொள்வதே இல்லை. அது ஏன் என்று ஆராய்வதுதான் அவருடைய வேலை. அமைப்புகளின் நடத்தையைப் பற்றிய படிப்பு என்று இதைச் சொல்லலாம்.

இது அறிவியலா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். நுண்ணோக்கி இல்லை, சோதனைக்குழாய் இல்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த கருதுகோள், மாறி, உற்றறிதல் மூன்றும் இதில் உண்டு. அவருடைய முதல் பெரிய ஆய்வில் கருதுகோள் தலைகீழாகக் கவிழ்ந்ததும் உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எட்மண்ட்சன் பொறியியல் படித்தவர். படிப்பு முடியும் நேரத்தில், கோளவடிவக் கூரைகளுக்குப் பெயர் பெற்ற வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கே வேலை தேடலாம் என்று ஆலோசனை கேட்கத்தான் எழுதினார். ஃபுல்லரோ தம்மிடமே வேலை கொடுத்துவிட்டார். 1983இல் ஃபுல்லர் மறையும் வரை அவரிடம் பொறியாளராக இருந்தார். அதன் பிறகு நிறுவனங்களுக்குப் பயிற்சி தரும் இடம் ஒன்றில் வேலை செய்தார். மாற வேண்டும் என்று வாயால் சொல்லும் நிறுவனங்கள் ஏன் மாறாமலேயே இருக்கின்றன என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை முறையாக ஆராய ஹார்வர்டில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தார்.

1990களின் தொடக்கம் அது. மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய லூசியன் லீப், டேவிட் பேட்ஸ் முதலிய மருத்துவர்கள் ஒரு பெரிய திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். லீப் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். நோயாளிகளின் பாதுகாப்பைப் பற்றி ஆராய்வதற்காக அந்த வேலையை விட்டுவந்தவர். அந்தத் திட்டத்தில் ஒரு சிறு பகுதி, புது மாணவியான எட்மண்ட்சன் கைக்கு வந்தது.

மருந்தில் அப்படி என்ன தவறு வந்துவிடும் என்று கேட்காதீர்கள். டாக்டர் எழுத வேண்டும், மருந்தாளர் அதைப் படிக்க வேண்டும், சரியான மருந்தை எடுத்து அளந்து அனுப்ப வேண்டும், தாதி சரியான நோயாளிக்கு, சரியான நேரத்தில், சரியான வழியில் கொடுக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி வழுக்கினால் போதும். ஒரே ஓர் எடுத்துக்காட்டு: இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்ற சொல்லைச் சுருக்கி ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால், அவசரத்தில் அது சுழியம் போலத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். அதனால்தான் அந்தச் சொல்லை முழுதாக எழுத வேண்டும் என்று இன்று வலியுறுத்துகிறார்கள். இந்தத் தவறை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கைகள் பல மாறும் இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். கேள்வி ஒன்றுதான்: நோயாளியின் உடலுக்குள் போவதற்கு முன் யாராவது அதைப் பிடித்துவிடுகிறார்களா?

எட்மண்ட்சனின் கருதுகோள் எளிமையானது. நன்றாக ஒத்துழைக்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும். அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஹேக்மன் விமானிகளின் குழுக்களை ஆராய்ந்தவர். களைப்பாக இருந்தாலும், முன்பே சேர்ந்து பறந்து பழகிய விமானிகள், புத்துணர்ச்சியோடு இருந்த பழக்கமில்லாத விமானிகளைவிட நன்றாகச் செயல்பட்டார்கள் என்று நாசா நடத்திய ஓர் ஆய்வும் வந்திருந்தது. விமானத்தில் உண்மையாக இருப்பது வார்டிலும் உண்மையாகத்தானே இருக்கும்?

இரண்டு மருத்துவமனைகளில் எட்டு வார்டுகள். ஒருபுறம், பயிற்சி பெற்ற தாதியர் ஆறு மாதம் வார்டுகளுக்குப் போய் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தும், பணியாளர்களிடம் விசாரித்தும் தவறுகளைக் கணக்கெடுத்தார்கள். மறுபுறம், எட்மண்ட்சன் ஒரு கேள்வித்தாள் கொடுத்து ஒவ்வொரு வார்டின் குழுவும் எவ்வளவு நன்றாக ஒத்துழைக்கிறது என்று அளந்தார். கடைசியில் இரண்டு எண்களையும் கணினியில் ஒப்பிட்டார்.

தொடர்பு இருந்தது. ஆனால் எதிர்த்திசையில். நல்ல குழு என்று தெரிந்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகம். மிகக் குறைந்த வார்டுக்கும் மிக அதிகமான வார்டுக்கும் இடையே ஏறக்குறைய பத்து மடங்கு வேறுபாடு.

அந்தக் கணம் தமக்கு அச்சமாக இருந்ததாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் ஆய்வே இப்படி ஆகிவிட்டால் எந்த மாணவிக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். எண்களை ஓரமாக வைத்துவிட்டு வேறு தலைப்பு தேடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நல்ல குழு உண்மையிலேயே அதிகமாகத் தவறு செய்கிறதா, அல்லது தான் செய்த தவறைப் பற்றி அதிகமாகப் பேசுகிறதா என்று யோசித்தார். தவறுகளை எண்ணும் முறையே பணியாளர்கள் வாயைத் திறப்பதைப் பெரிதும் நம்பியிருந்தது. அப்படியானால் எண்ணப்பட்டது தவறு அன்று. வெளியே வந்த தவறு.

யோசனை நல்லதுதான். ஆனால் கணக்கு தவறிப்போன பிறகு அழகான விளக்கம் சொல்வது யாருக்கும் எளிது. அதைச் சோதிக்க வேண்டுமே! இங்கேதான் ஓர் அறிவியல் ஆசிரியையாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஆண்டி மொலின்ஸ்கி என்ற ஆய்வு உதவியாளரை அந்த வார்டுகளுக்கு அனுப்பினார் எட்மண்ட்சன். எந்த வார்டில் எத்தனை தவறு, கேள்வித்தாளில் என்ன முடிவு, தம்முடைய புதிய சந்தேகம் என்ன, எதையுமே அவரிடம் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள், பேசுங்கள், இங்கே வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அவ்வளவுதான். விடை தெரிந்தவர் போனால் தேடிப்போனதையே பார்த்துவிட்டு வருவார் என்பதால் இந்த ஏற்பாடு.

மொலின்ஸ்கி பார்த்துவந்த வார்டுகள் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன. ஒரு வார்டில் தலைமைத் தாதி மற்றவர்களைப் போலவே பணி உடையில் நோயாளிகளுக்கு நடுவே நின்று வேலை செய்தார். இவ்வளவு மருந்து புழங்கும் இடத்தில் ஓரளவு தவறு வரும், தண்டித்தால் ஒளித்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். இன்னொரு வார்டில் தலைமைத் தாதி அலுவலக உடையில் மிடுக்காக இருந்தார். விசாரணை எல்லாம் மூடிய அறைக்குள். அங்கே தவறு செய்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல இருக்கும் என்று தாதியர் சொன்னார்கள். எந்த வார்டு எவ்வளவு வெளிப்படையானது என்று மொலின்ஸ்கி தாமாகப் போட்ட வரிசையும், பதிவான தவறுகளின் வரிசையும் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தின. பயந்த வார்டில்தான் பதிவு மிகக் குறைவு.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உடைந்த கண்ணாடிப் பொருள்களை எழுதிவைக்கும் புத்தகம் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓராண்டு முழுவதும் அந்தப் புத்தகம் காலியாக இருந்தால், மாணவர்கள் மிகவும் கவனமானவர்கள் என்று அனுபவமுள்ள எந்த ஆய்வுக்கூட உதவியாளரும் நம்பமாட்டார். மேசைக்குப் பின்னால் குனிந்து பார்ப்பார்.

இந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். எட்டு வார்டு என்பது சிறிய எண்ணிக்கை. ஒவ்வொரு வார்டிலும் உண்மையில் நடந்த தவறுகள் எத்தனை என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை, காட்டவும் முடியாது. ஆகவே, தவறு நிறைய பதிவாகும் மருத்துவமனை எல்லாம் நல்ல மருத்துவமனை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோசமான வார்டிலும் எண் அதிகமாக இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதுதான் இதிலிருந்து நமக்குக் கிடைப்பது. மூன்று ஆண்டு கழித்து, 1999இல், அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அந்நாட்டு மருத்துவமனைகளில் மருத்துவத் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. எண் பற்றிய வாதம் பிறகு நெடுநாள் நடந்தது. ஆனாலும் வார்டில் வாய்மூடி இருப்பது வெறும் குணக்கேடு அன்று, உயிர்ப் பிரச்சினை என்பது அப்போது பலருக்குப் புரிந்தது.

பேசினால் கேலி செய்யமாட்டார்கள், தண்டிக்கமாட்டார்கள் என்று ஒரு குழுவே நம்பும் நிலையை 'உளவியல் பாதுகாப்பு' என்று அழைத்தார் எட்மண்ட்சன். அந்தச் சொல் அவர் உருவாக்கியது அன்று. 1960களிலேயே எட்கர் ஷைன், வாரன் பென்னிஸ் இருவரும் பயன்படுத்தியது. அதைக் குழுவின் இயல்பாக எடுத்து அளந்து காட்டியதுதான் இவருடைய பங்கு. 1999இல் ஒரு தொழிற்சாலை நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அதை நிறுவினார்.

இதயத்தைப் பார்க்காமல் அறுப்பது

அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது அடுத்துச் சொல்லப்போவது. 1990களின் பிற்பகுதியில் ஒரு புதிய இதய அறுவை சிகிச்சை முறை வந்தது. வழக்கமான முறையில் நெஞ்செலும்பைப் பிளந்து திறப்பார்கள். இதயம் கண்முன்னே இருக்கும். அதை நிறுத்திவிட்டு, இரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே ஓடவிட்டு, பெருந்தமனியை வெளியிலிருந்து கவ்வியால் பிடித்து அடைப்பார்கள். புதிய முறையில் விலா எலும்புகளுக்கு இடையே சின்ன வெட்டு மட்டும். குழாய்கள் தொடையிடுக்கு இரத்தக்குழாய் வழியாக உள்ளே போகும். கவ்விக்குப் பதிலாக, பெருந்தமனிக்குள்ளேயே ஒரு சின்னப் பலூனை ஊதி அடைப்பார்கள்.

நோயாளிக்கு நல்லது. வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் அறுவை அறைக்குள் ஒரு புரட்சியே நடந்தாக வேண்டும். எப்படி என்று பாருங்கள். முன்பு நிபுணர் தம் கண்ணால் பார்ப்பார், விரலால் தொடுவார், மற்றவர்களுக்கு உத்தரவு கொடுப்பார். இப்போது பலூன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மயக்க மருந்து நிபுணர் ஒலி அலைத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். இயந்திரத்தை இயக்குபவர் அழுத்த அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பலூன் சற்று நகர்ந்தாலும் மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடலாம். யார் கண்ணுக்கு முதலில் தெரிகிறதோ அவர் அந்த விநாடியே வாய் திறக்க வேண்டும். இருபது ஆண்டாகப் பெரிய டாக்டர் கேட்டால் மட்டும் பதில் சொல்லிப் பழகிய தாதி, இப்போது கேட்காமலேயே 'டாக்டர், நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டும்.

எட்மண்ட்சன், நியூசிலாந்தில் மருத்துவம் படித்த ரிச்சர்ட் போமர், கேரி பிசானோ மூவரும் இந்த முறையைக் கற்றுக்கொண்ட 16 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். அனைவருக்கும் அதே கருவி, அதே பயிற்சி. 660 நோயாளிகளின் அறுவை நேரத்தை, அவர்களுடைய உடல்நிலையையும் கணக்கில் எடுத்து, ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் எல்லாருக்குமே வழக்கத்தைவிட மிக அதிக நேரம் பிடித்தது. பிறகு சில குழுக்கள் விரைவாகத் தேறின. சில குழுக்கள் ஐம்பது நோயாளிகளைத் தாண்டியும் தேறவே இல்லை.

எவை தேறின? பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளா? இல்லை. பணம் அதிகம் உள்ளவையா? அதுவும் இல்லை. புகழ்பெற்ற தலைமை நிபுணர் இருந்தவையா? அவர் ஏற்கெனவே இம்முறையில் அனுபவம் பெற்றவராக இருந்த ஒரு மருத்துவமனை, மெதுவாகக் கற்றவற்றில் ஒன்று. அவருக்கு இது தாம் கற்கவேண்டிய ஒரு நுட்பம், அவ்வளவுதான். குழுவில் யார் இருப்பது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை, ஒத்திகைக்கும் வரவில்லை. மிக வேகமாகக் கற்றதோ, பெரிய பெயர் எதுவும் இல்லாத ஒரு வட்டார மருத்துவமனை. அதை நடத்தியவர் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் நிபுணர். ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். முதல் பல அறுவைகளுக்கு ஒருவரையும் மாற்றவில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று குழுவிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

அங்கே ஒரு நாள் அறுவையின் நடுவே ஒரு சிக்கல். ஒரு தாதி தாமாகவே, எப்போதோ ஓரங்கட்டப்பட்ட பழைய கவ்வி ஒன்றை நினைவுபடுத்தி, அதைப் போட்டுப் பார்க்கலாமே என்றார். 'இரும்புப் பயிற்சி டாக்டர்' என்று அதற்குச் செல்லப்பெயர். பயிற்சி டாக்டர் மணிக்கணக்காகக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலையை அது செய்யும் என்பதால் வந்த பெயராக இருக்கலாம். அந்தக் கவ்வி அந்தக் குழுவின் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது. வேறொரு மருத்துவமனையாக இருந்தால், அந்த யோசனை தாதியின் முகக்கவசத்துக்குள்ளேயே நின்றுபோயிருக்கும்.

விரிப்பு தீர்ந்துபோனால்

எல்லாச் சிக்கலும் இதயம் அளவுக்குப் பெரிதல்ல. எட்மண்ட்சனிடம் முனைவர் பட்டம் செய்த அனிதா டக்கர், 9 மருத்துவமனைகளில் 26 தாதியரின் பின்னாலேயே 239 மணி நேரம் நடந்து பார்த்தார். படுக்கை விரிப்பு இல்லை, மருந்து வரவில்லை, கருவியைக் காணோம் என்று தடங்கல்கள் வந்துகொண்டே இருந்தன. தாதியர் என்ன செய்தார்கள்? விரிப்பு தீர்ந்தால் பக்கத்து வார்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார்கள். நோயாளி படுத்தாயிற்று, பிரச்சினை தீர்ந்தது. பக்கத்து வார்டில் இப்போது விரிப்பு குறைகிறது, ஏன் தீர்ந்தது என்று யாரும் மேலிடத்துக்குச் சொல்லவில்லை, நாளையும் தீரும். அதிகம் பாராட்டுப் பெறும் தாதி, வாய் பேசாமல் ஓடியோடிச் சமாளிப்பவர்தான். அந்த ஓட்டமே மருத்துவமனை கற்றுக்கொள்வதைத் தடுக்கிறது என்றார்கள் டக்கரும் எட்மண்ட்சனும். நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இப்படிப்பட்ட கெட்டிக்காரர்களை நீங்கள் நிறைய பார்த்திருப்பீர்கள்.

சரி, எல்லாரையும் பேச வைக்க ஒரு படிவம் அச்சடித்தால் போதாதா? போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தார்கள். 2009இல் வந்த முடிவில் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அந்தப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் ஒன்று. ஒரு முறை வாய் திறந்தவர் மறுமுறை திறக்கத் தயங்கமாட்டார் என்ற கணக்கு அது. பிறகு கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் அதே பட்டியலைக் கொண்டுவந்தன. 2014இல் வெளியான ஆய்வில், குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. காகிதம் ஒன்றுதான், விளைவு வேறு. ஏன் என்று ஆய்வாளர்கள் பலவிதமாக வாதிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், கட்டத்தில் கோடு போடுவது ஒரு வேலை, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவது வேறு வேலை.

யார் பேசத் துணிகிறார்கள் என்பதையும் அளந்திருக்கிறார்கள். இங்க்ரிட் நெம்பார்டும் எட்மண்ட்சனும் 23 பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். பேசலாம் என்ற துணிவு டாக்டர்களுக்கு அதிகம், தாதியருக்கு அதைவிடக் குறைவு, மூச்சுச் சிகிச்சை அளிப்பவர்களுக்கு இன்னும் குறைவு. படிநிலை அப்படியே துணிவிலும் இறங்கியது. ஆனால் தலைமை டாக்டர் மற்றவர்களின் கருத்தைக் கேட்டு, சொன்னவருக்கு மதிப்பளித்த பிரிவுகளில் அந்த இடைவெளி சுருங்கியிருந்தது.

நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு 2009ஆம் ஆண்டு முதல் மருந்துத் தவறுகளைப் பதிவு செய்யும் முறை ஒன்றை நடத்திவருகிறது. யாரைத் தண்டிப்பது என்பதற்காக அன்று, எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வந்தால், மருத்துவமா பொறியியலா என்ற இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். மருத்துவமனையை முன்னேற்ற வேறு வழியும் இருக்கிறது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இத்துறைக்கு வர ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. எட்மண்ட்சன் பொறியியல் வழியாக வந்தார், போமர் மருத்துவம் வழியாக வந்தார். உளவியல், பொருளியல், பொதுச் சுகாதாரம், மருந்தியல், தாதிமை எதிலிருந்தும் வரலாம். புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். சேர்ந்து பொருந்தும் இரண்டு எண்வரிசைகளைப் பார்த்தவுடன் எது எதற்குக் காரணம் என்று அவசரப்படாமல் இருக்க அதுதான் கைகொடுக்கும். அதோடு, வார்டின் ஓரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் 239 மணி நேரம் நின்று பார்க்கும் பொறுமையும் வேண்டும்.